ஐந்தா, ஏழா என்று பத்து நாள்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை, தசரதன் சென்னையிலிருந்து ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவன் பையில் இரண்டு பெட்டிகள் இருந்தன.

"இன்னாங்க இது, ரெண்டு?" என்றாள் தெய்வநாயகி.

"ரெண்டும் நல்லாத்தான் கீது. எது வேணுமோ வெச்சிகினு, இன்னொண்ணைப் பத்து நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டான் கடைக்காரன். நிதானமா பார்த்து முடிவு பண்ணலாம்."

நிதானமா என்ற சொல் காதில் விழுந்ததுமே தெய்வநாயகி இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனைக் கல்யாணம் செய்துகொண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். கூடத்துக்கு ஒரு ஃபேன் வாங்க நான்கு மாதம். மிக்ஸி வாங்க ஒரு தீபாவளி போய் இன்னொரு தீபாவளி வந்தது. வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்க அவன் வாங்கி வந்த இரண்டு மாதிரி டப்பாக்கள் பரணிலேயே காய்ந்து கல்லாகிவிட்டன. இரண்டும் மஞ்சள்தான்.

தெய்வநாயகி பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். பத்தாவது முடித்த கையோடு, தொண்ணூற்று ஒன்றில், கட்டம் போட்ட தாளில் பிரஷ்ஷால் சிவப்புப் புள்ளி வைக்கிற வேலைக்குப் போனாள். ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. புள்ளி இருந்தால் ஜரிகை மேலே வரும், இல்லாவிட்டால் பட்டு மேலே வரும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை தறியின் மேல் ஏறினால் பூவோ மயிலோ தானாக விழும். அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது என்று இரண்டாயிரத்து மூன்றில் கேள்விப்பட்டவுடன், யாரையும் கேட்காமல் வேலூருக்குப் போய் மூன்று மாதம் கற்றுக்கொண்டு வந்தாள். பிரஷ்ஷை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தாள். அவ்வளவுதான். பழைய பிரஷ்ஷுக்காக அவள் ஒரு நாள்கூட ஏங்கியதில்லை. பிரஷ்ஷால் தப்புப் புள்ளி வைத்தால் பிளேடால் சுரண்ட வேண்டும். இதில் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும்.

ஆனால் எலிகளை அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்தக் கஞ்சி வாசனைக்கு வருகிற எலிகள் ராத்திரியில் இவள் மேஜைக்கும் வந்து ஒயரைக் கடித்துவிட்டுப் போயின. ஆறு மாதத்தில் மூன்று மவுஸ். மூன்றாவதற்கு டேப் சுற்றி, இடது கையால் ஒயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டால் மட்டும் அது வேலை செய்தது. ஊரிலேயே ஒரு ஒயர் இல்லாத மவுஸ் வாங்கிப் பார்த்தாள். அம்பு நின்று நின்று நகர்ந்தது. வைத்த புள்ளி பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு புள்ளி தப்பினால் புடவை முழுக்க அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும். அந்த மவுஸைத் தூக்கி அலமாரியில் போட்டாள்.

அப்போதுதான் தசரதன் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தான். கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கென்றே ஒயரில்லாத மவுஸ் வருகிறதாம், மயிரிழைகூடத் தப்பாதாம், சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்குமாம். அவளுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முள்ளிப்பட்டுத் தறி முதலாளி மாணிக்கவேல் தீபாவளிக்காக ஒரு முந்தானை டிசைன் கேட்டிருந்தார். எதிரெதிரே இரண்டு இருதலைப் பட்சிகள், நடுவில் கொடி. ஆடிப்பெருக்கன்று தறியில் ஏற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வேலை முடிந்து, அட்டையும் அடித்தாக வேண்டும்.

இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பெனி. ஒரே கறுப்பு, ஒரே வளைவு, நடுவில் ஒரே மாதிரி சக்கரம், சக்கரத்துக்குப் பின்னால் ஒரே மாதிரி குட்டிப் பொத்தான். பெட்டியில் அச்சடித்திருந்த நீளமான எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் ஏழு. விலைகூட ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஐஞ்சை எடுத்துக்கலாம்" என்றாள் தெய்வநாயகி உடனே. "எதையாவது குடுங்க, எனக்கு வேலை கீது."

"அட, இரும்மே. எதுக்கு ஜல்தி? ஏழுன்னா புதுசு. புதுசுன்னா ஏதோ ஒண்ணு கூட இருக்கணும். இன்னான்னு பார்க்க வேணாமா?"

"அப்ப ஏழைக் குடுங்க."

"பழசுன்னா ரொம்ப நாள் உழைக்கும்னும் சொல்றாங்க."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தசரதன் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. கல்யாணமான புதிதில் அவன் தறி நெய்துகொண்டிருந்தான். கை வேகம், பேச்சு வேகம், எல்லாமே வேகம். தொண்ணூற்று ஆறில் ஒரு முகூர்த்தப் புடவைக்கு அரக்குச் சிவப்பில் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் தீர்ந்துபோய், அலமாரியில் இருந்த இன்னொரு சிவப்பு நூல் கட்டை எடுத்து ஓட்டிவிட்டான். விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. பகலில், பெண் வீட்டார் புடவையைப் பிரித்து நடுவாசலில் பிடித்தபோது, பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கல்யாணத்துக்கு நான்கே நாள். அந்தப் பெண் அழுதாள். தசரதன் மறு வருஷமே தறியை விட்டுவிட்டுச் செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பொருள் எதிரே வந்தால் அவனுக்குக் கை ஓடாது.

தெய்வநாயகிக்கு இது தெரியும். தெரிந்ததால் பல வருஷம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒவ்வொரு ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் அதை அனுபவிப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஏழு என்று எழுதினான். திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் நான்கு பேரைக் கேட்டு அதில் நிரப்பினான். செவ்வாய்க்கிழமை பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கோகுல்ராஜை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். கோகுல்ராஜ் இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா" என்றான்.

"நல்லா பார்த்துச் சொல்லு."

"ஒண்ணுதான். ஆனா ஏழுன்னா கெத்து. ஐஞ்சுன்னா நம்பலாம்."

"இத சொல்றதுக்கு உனக்குக் காப்பி வேற போட்டேன்" என்றாள் தெய்வநாயகி. கோகுல்ராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இடது கையில் ஒயரைப் பிடித்துப் பிடித்து அவளுக்குக் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது.

புதன்கிழமை காலை தசரதன் ஒரு சோதனை வைத்தான். பெட்டியைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். அதனால் இரண்டு மவுஸையும் வெளியே எடுத்து, ஒரு துண்டால் மூடி, ஒவ்வொன்றாக அவள் கைக்குக் கீழே வைத்தான்.

"கண்ணை மூடிகினு சொல்லு. எது கைக்கு அடங்குது?"

"இது."

"இப்ப?"

"இதுவும்தான்."

"அதெப்படி? முதல்ல வெச்சதே இதுதானே?"

"அப்ப அதுதான்! ஐயோ, ஏங்க இப்படிப் பேஜார் பண்றீங்க! கரண்டு வேற பத்து மணிக்குப் போயிடும். அதுக்குள்ள ஒரு இறக்கையாவது முடிக்க உடுங்க."

அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவசரமாக இரண்டையும் பெட்டியில் போட்டு மூடி, பேன்ட் மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.

வியாழக்கிழமை அவன் பஸ் ஏறியதும் தெய்வநாயகி இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். கேட்டுக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். அன்றைக்கு ஏழு என்ற பெட்டியில் இருந்ததை எடுத்து வேலை செய்தாள். அம்பு வழுக்கிக்கொண்டு போனது. முதல் ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. பிறகு திடீரென்று அம்பு ஒரு குதி குதித்து, புள்ளி மூன்று கட்டம் தள்ளி விழுந்தது. அழித்தாள். கால் மணி கழித்து மறுபடியும் குதித்தது. சாயங்காலம்தான் காரணம் பிடிபட்டது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரலை எடுக்கும்போது பின்னால் இருந்த அந்தக் குட்டிப் பொத்தானில் அவள் விரல் படுகிறது. பட்டால் அம்பின் வேகம் மாறுகிறது. விளையாடுகிறவர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். பட்சியின் மூக்கை வரைகிறவளுக்கு வசதியா?

வெள்ளிக்கிழமை ஐந்து என்ற பெட்டியில் இருந்ததை எடுத்தாள். அதே இடத்தில் அதே பொத்தான். வேண்டுமென்றே அமுக்கினாள். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று ஒரு பச்சை விளக்கு காட்டிவிட்டு அணைந்தது. அம்பு அசையவில்லை. புரட்டிப் பார்த்தாள். வேகம் மாற்றுகிற சுவிட்ச் இதில் வயிற்றுப் பக்கம் இருந்தது, கை படாத இடத்தில். அன்று கரண்டு நின்ற இரண்டு மணி நேரம் போக, மாலைக்குள் ஒரு பட்சியை முழுசாக முடித்துவிட்டாள். ஒரு புள்ளி தப்பவில்லை.

அன்றிரவு சோறு போடும்போது சொன்னாள்: "முடிஞ்சுச்சு. ஐஞ்சுதான் நல்லாகீது. ஏழைக் குடுத்துடுங்க." பொத்தான் கதையையும் சொன்னாள்.

தசரதன் தலையை ஆட்டினான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வநாயகி தன் தம்பி வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பக்கத்திலுள்ள சேத்துப்பட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்தால் மேஜை மேல் ஐந்து இல்லை. ஏழுதான் இருந்தது. பக்கத்தில் நோட்டு, ஏழுக்குக் கீழே இரண்டு கோடு. அவனுடைய செல்லுக்குப் போன் அடித்தாள்.

"எங்க கீறீங்க?"

"மெட்ராஸ்ல. ஐஞ்சைக் குடுக்க வந்தேன். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன் நாயகி, ஏழுதான் வருது. அந்தப் பொத்தான் பழகிட்டா சரியாப் போயிடும்னு ஒருத்தர் சொன்னார்."

"குடுத்துட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை இங்க கடையே இல்லமே. தெருவே மூடிகிடக்குது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய ஒரு தப்பு அவளுக்கு நல்லது செய்திருந்தது. அதற்காகக்கூட அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. போனை வைத்துவிட்டு, சென்னைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அடுத்த வீட்டில் போய் விசாரித்தாள்.

கடைக்காரன் சொன்ன பத்து நாள் முடிகிற திங்கட்கிழமை, காலை முதல் பஸ்ஸில் அவளே கிளம்பினாள். ஆடிப்பெருக்குக்கு ஐந்து நாள். இன்னும் ஒரு பட்சியும் கொடியும் பாக்கி. அவன் திருப்பிக் கொண்டுவந்ததோடு சேர்த்து இரண்டு பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டாள், வீட்டில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது எது இருக்குமோ என்ற பயத்தில். பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது கோபம் கோபமாக வந்தது. அவன் மேல் பாதி. மீதி யார் மேல் என்று யோசித்தபோது அது தன் மேல்தான் என்று தெரிந்தது. வேலூருக்குப் போய்ப் படிக்கும்போது யாரைக் கேட்டாள்? நூறு பேர் உடுத்துகிற முந்தானையில் கொடி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அவள் ஒருத்தியாகத்தானே முடிவு செய்கிறாள்? அப்படிப்பட்டவள் கைக்குள் அடங்குகிற ஒரு சாமானுக்காக ஏன் ஒன்பது நாள் அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்?

ரிச்சி தெருவில் கடையைக் கண்டுபிடித்து, ஏழு பெட்டியை மேஜை மேல் வைத்தாள். கடைக்காரர் தணிகாசலம் மவுஸை எடுத்து, பேட்டரி மூடியைக் கழற்றி, குழிக்குள் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். முகம் மாறியது.

"பெட்டி ஏழு. மவுஸ் ஐஞ்சு. மாத்திக் கொண்டாந்திருக்கீங்க. எடுக்க முடியாதும்மா."

அவள் மவுஸை வாங்கி அந்த எழுத்தைத் தானே படித்தாள். பிறகு புதன்கிழமை அவன் போட்டு மூடிய துண்டு ஞாபகம் வந்தது. முகம் சுருங்கி, அவசரமாக, பெட்டியில் போட்டு மூடியது ஞாபகம் வந்தது. பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து அதையும் வைத்தாள்.

"இத பாருங்க. இதுல ஏழு இருக்கும்."

இருந்தது. தணிகாசலம் இரண்டையும் அதனதன் பெட்டியில் மாற்றிப் போட்டார். "இப்ப சரி. எத திருப்பறீங்க?"

தெய்வநாயகி பெட்டி எதையும் பார்க்கவில்லை. இரண்டு மவுஸையும் கவிழ்த்து, வயிற்றில் சுவிட்ச் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது என்னுது. அத எடுத்துக்குங்க."

"சுவிட்ச் அங்கயா இருக்கு?" என்று தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுன்னுதான் நானே சொல்லி வித்துகினு இருந்தேன்."

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் கையில் இருப்பது ஏழு. நோட்டில் கோடு போட்டு, பஸ்ஸில் நான்கு பேரைக் கேட்டு, அந்த மனுஷன் கூட்டிப் பார்த்துச் சொன்ன அதே ஏழு. ஒரு கரும்பு ஜூஸ் வண்டி ஓரமாக நின்று, சத்தம் போட்டே "கடவுளே" என்றாள்.

அவள் வீடு சேர்ந்தபோது தசரதன் வாசலிலேயே காத்திருந்தான். பெட்டியைப் பார்த்தான்.

"ஏழா? நான் சொன்னதைத்தான் வெச்சிகினியா?" என்றான், நம்ப முடியாத சந்தோஷத்தில்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றிப் போட்டதை, குழிக்குள் இருந்த எழுத்தை, எதையும் விடாமல். அவன் முகத்தில் சந்தோஷம் வடிந்துவிட்டது. "மறுபடியும் மாத்திப் போட்டுட்டேனா?" என்று மெல்லக் கேட்டான். மறுபடியும் என்றது எந்தச் சிவப்பை நினைத்து என்று அவளுக்குப் புரிந்தது.

"கம்ப்யூட்டர் சாமான் இனிமே நானே வாங்கிக்கறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

புதன்கிழமை மத்தியானம் முந்தானை முடிந்தது. அட்டையில் துளை அடிக்கிற முருகேசன் இரண்டு நாளில் அடித்துக் கொடுத்தார். ஆடிப்பெருக்கன்று காலை மாணிக்கவேல் தானே வண்டியில் வந்து அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனார். மறு வாரம், மாதிரிக்கு நெய்த முதல் முழம் வந்தபோது, தெய்வநாயகி அதை வெயிலில் பிடித்து, ஒவ்வொரு மூக்காக, ஒவ்வொரு இறக்கையாகப் பார்த்தாள். சரியாக இருந்தது. தசரதனும் பக்கத்தில் வந்து நின்று, வெகு நேரம், அவளைவிட அதிக நேரம் பார்த்தான்.