பெட்டிக்கடை ஐறீன் அம்மா

எதிரே வருகிறவரை ஐறீன் அம்மா முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்ப்பார். அதன் பிறகுதான் சுகம் விசாரிப்பார். முதல் சந்திப்பில் நான் என்னையறியாமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டேன். "பயப்பிடாதேங்கோ தம்பி, கண் அப்பிடிப் பழகிப் போச்சு. உங்களுக்கு நடுத்தரம் போதும்," என்றார். எழுத்தாளனாகிய என்னை எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பெயர் பெட்டிக்கடை ஐறீன். ஊருக்குப் புதியவர்கள் வெற்றிலை, சுருட்டு வாங்கலாம் என்று வழி கேட்டுப் போய், உள்ளே அடுக்கியிருக்கும் சவப்பெட்டிகளைக் கண்டு வந்த வேகத்தில் திரும்புவார்கள். "சுருட்டும் வைச்சு விக்கலாம்தான். வந்த சனம் வெறுங்கையோட போகாது," என்பார்.

கடையைத் தொடங்கியவர் அவருடைய கணவர்; பெயர் பற்றிக். அவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே விழுந்துவிட, கடை இவர் கைக்கு வந்தது. "முதல் பெட்டி என்ட மனுசனுக்கு. முதல் வியாபாரமே நட்டம். சல்லி தரவேண்டிய ஆள் உள்ளுக்குப் படுத்திருந்தார்." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லிவிட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்துகொள்வார்.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை உலுக்கிய வருஷம் லொறி லொறியாகப் பெட்டி போனது. அந்தக் காசில் வீட்டுக்கு மேல்மாடி வந்தது. அந்த மாடியில் அவருக்கு நித்திரை வரவில்லை. முதலில் ஏழைகளுக்குப் பெட்டி இலவசம் என்றார். பிறகு ஒரு மருத்துவச்சியைச் சம்பளத்துக்கு வைத்து, மாடி முழுவதையும் பிள்ளைப்பேற்றுக்கு விட்டுவிட்டார். "போறவையை மட்டும் பாத்தா எப்பிடி? வாறவையையும் பாக்கோணும். அவையும் ஒருநாளைக்கு நம்மட வாடிக்கைதானே."

பட்டறைத் தச்சர்கள் கூத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே மரம் அறுக்க வாள் இழுப்பார்கள். ஐறீன் அம்மாவுக்குக் கலைப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. இன்று கொழும்பில் தமிழ் நாடகம் போடுகிற, கச்சேரி வைக்கிற பலரும் அவர் வாசலில் கையேந்தியவர்கள். நானும் ஏந்தினேன். என் நாடகத்துக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு, முதல் காட்சியிலேயே தூங்கிப்போனார். "கோவிக்காதேங்கோ தம்பி. கடைசியில ராசா சாவார் எண்டு தெரிஞ்சு போச்சு. அதைப் பாக்க நான் டிக்கெட் எடுக்கோணுமோ?"

வெள்ளவத்தையில் கடலோரமாக எங்கள் நாடக, இசைச் சபாவுக்கு மண்டபம் கட்டியபோது, நிலமும் மேடைப் பலகையும் அவர் கொடுத்தவைதான். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். திறப்பு விழாவில் குத்துவிளக்கில் ஒரு திரி கொளுத்த வேண்டுமாம். "தலைமாட்டு விளக்கே கொளுத்திக் கொளுத்தி அலுத்துப் போனன். ஒரு நல்ல காரியத்துக்கும் கொளுத்திப் பாக்க ஆசையாக் கிடக்கு."

செயற்குழு கூடி யோசித்தது. விதவை, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, போதாததற்குச் சவப்பெட்டி வியாபாரம். முடியாது என்று சொல்லிவரச் செயலாளர் சண்முகலிங்கத்தை அனுப்பினார்கள். தனியே போகப் பயந்து, சொல்லில் வல்லவன் என்று அவர் என்னையும் கூட்டிப்போனார். அங்கே இந்தச் சொல்வல்லவன் சொன்னது, "தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்பது மட்டும்.

"அம்மா, சனம் என்ன நினைக்குமோ எண்டு..." என்று சண்முகலிங்கம் இழுத்தார்.

மிச்சத்தை ஐறீன் அம்மாவே சொல்லி முடித்தார். "நான் கொளுத்தினா முன்வரிசையில இருக்கிறவை தங்கட நாள் வந்திட்டுது எண்டு எழும்பி ஓடுவினம். ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான். நான் பின்னுக்கு இருக்கிறன்."

நாங்கள் நிம்மதியாகச் சிரித்தோம். எப்போதும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று கதிரையை விட்டு எழவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

விழாவன்று ஒரு நீதவானின் மனைவி விளக்கேற்றினார். ஐறீன் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். கௌரி என்ற பெண் பாடத் தொடங்கியபோது கடற்காற்று எழுந்தது. மேடையோரத்து யன்னலுக்கு இன்னும் கதவு பொருத்தியிருக்கவில்லை. ஒரு திரி அணைந்தது, பிறகு இன்னொன்று. சபையில் முணுமுணுப்பு எழ, கௌரிக்குச் சுருதி தடுமாறியது. சண்முகலிங்கம் மேடையில் குந்தியிருந்து சால்வையால் மறைத்துப் பார்த்தார். சால்வை தீப்பிடிக்கப் பார்த்தது.

ஐறீன் அம்மா எழுந்தார். விளக்குப் பக்கம் போகவில்லை. சுவரோரமாக நடந்து யன்னலடிக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். "இவ்வளவு பெரிய உடம்பை வைச்சு என்ன பிரயோசனம் எண்டு யோசிச்சனான்," என்று அந்த யன்னலடியில் கதிரை போட்டிருந்த எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். மிஞ்சியிருந்த சுடர்கள் நிமிர்ந்தன. கௌரி விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

நான் என் கதிரையை நகர்த்திக் கொடுத்தேன். கதிரையில் இருந்தால் காற்று தலைக்கு மேலால் போய்விடும் என்று வேண்டாமென்றுவிட்டு, புதுச் சேலையின் தலைப்பை இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டார்.