தங்காமல் வந்த மீதி நாள்

எங்கள் வீட்டுக் கலண்டரில் நான் எப்போதும் பென்சிலால்தான் வட்டம் போடுவேன். பேனையால் போட்டால் அழிக்க முடியாது. இந்த நாளில் இது நடந்தே தீரும் என்று அல்லாஹ்விடம் அடித்துச் சொல்வது போலாகிவிடுமோ என்று பயம். உல்லைக்குப் போவதற்காக நான் போட்டுப் போட்டு அழித்ததில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடத்துக் கலண்டர்த் தாள் பஞ்சாகி ஓரிடத்தில் கிழிந்தே போனது.

உல்லை, இலங்கையின் கிழக்கில் பொத்துவிலுக்கு அப்பால் இருக்கிற கடற்கரை. வெள்ளைக்காரர்கள் பலகை கொண்டுவந்து அலையில் ஏறி விளையாடுகிற இடம். கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல்தான். அதை விட்டுவிட்டு இன்னொரு கடலைப் பார்க்க பஸ் ஏறுவதா, கடலில்லாத ஊரிலா இருக்கிறோம் என்று உம்மா கேட்டதில் பிழையில்லை. ஆனால் என் மாப்பிள்ளைக்கு, என் புருசனுக்கு, வேண்டியிருந்தது கடல் இல்லை.

அவர் சவூதியில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அந்த வீட்டுக்காரர்கள் வருடத்தில் இரண்டு மூன்று தடவை கடலோரத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போய்த் தங்குவார்களாம். இவர் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வாகனம் நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டு இருப்பார். பகலெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால், படுக்கை சமைக்கிற குசினிக்குப் பின்னால். அங்கே ஒரு மனுசன் விராந்தையில் கதிரை போட்டு, இரண்டு கால்களையும் கம்பி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, காலையிலிருந்து நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஒன்றுமே செய்யாமல் இருந்ததை இவர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். அந்தக் கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். முடிவு எப்போதும் ஒன்றுதான்.

"நானும் ஒருக்கா அப்பிடி இரிக்கணும் புள்ள. கூப்பிட ஆளில்லாத ரெண்டு நாள். வேற ஒண்டும் வேணாம்."

வீட்டில் அப்படி இருக்க ஏலாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். முன்னறை எங்களுடையது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா, வாப்பா, என் இரண்டு தங்கச்சிமார். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் மறுநாள் காலையில் தங்கச்சிமார் இருவரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அவரோ மருமகன் என்ற மரியாதையில் இருமுவதற்குக்கூட வெளியே போவார். லீவில் வந்தால் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து நான் கண்டதில்லை.

அந்த வருடம் ஒன்றரை மாத லீவில் வந்தார். வெயில் காலம், உல்லையில் கடல் நன்றாயிருக்கிற காலம். வந்து மூன்றாம் நாளே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தென்னங்கிடுகால் கூரை வேய்ந்த சிறிய அறைகள், முன்னால் விராந்தை, விராந்தையிலிருந்து இறங்கினால் மணல் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். மழை தொடங்கினால் ஒன்றும் இருக்காதாம், இப்போதுதான் போக வேண்டுமாம்.

பிழை என்னுடையதுதான். அது சபர் மாதம்.

சபரில் பீடை இறங்கும் என்று எங்களில் பழையவர்கள் பயப்படுவார்கள். கலியாணம் பேச மாட்டார்கள், வீடு குடிபுக மாட்டார்கள், தூரப் பயணம் வைக்க மாட்டார்கள். மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்று மாவிலையில் ஓதி எழுதி, அதைக் கழுவிக் குடித்து, கடலுக்குப் போய்க் குளித்தால் பீடை போய்விடும் என்று நம்பிக்கை. மார்க்கத்தில் இதெல்லாம் இல்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திறந்தபோது, மறுபடியும் மூடுவார்கள்தானே என்ற பயத்தில் நான் போகவேயில்லை. பயத்தோடு வாதாட எனக்குத் தெரியாது. அது சொன்னால் கேட்பேன்.

"சபர் முடியட்டும் மச்சான்" என்றேன்.

"சபர்ல பிளேன் பறக்காமலா இரிக்கி? நான் வந்து இறங்கினதே சபர் பிறையிலதான்."

"அதாலதானே ஒங்கட பெட்டி ஒண்டு வரல்ல."

சிரித்துவிட்டார். பலகைக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தது கேட்டது. அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டார். நான் கெஞ்சினால் விட்டுவிடுகிற மனுசன். சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை நான் போயிருப்பேன்.

ஒடுக்கத்துப் புதனன்று உம்மாவோடும் தங்கச்சிமாரோடும் கல்முனைக் கடற்கரைக்குப் போனேன். ஊர்ப் பெண்களெல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாவிலை கழுவின தண்ணீரைக் குடித்தேன். தலையில் மூன்று தடவை கடல்நீரை அள்ளி ஊற்றும்போது ரோட்டு, பஸ், சோதனைச் சாவடி, காய்ச்சல் என்று என் பயங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கழுவினேன். வீட்டுக்கு வந்து, பிறை கண்ட பிறகு வருகிற சனிக்கிழமையில் வட்டம் போட்டேன். அவருடைய சாரனையும் என் உடுப்பையும் ஒரே பையில் மடித்து வைத்தேன். ஒரே பையில் எங்கள் உடுப்பு இருந்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை பின்னேரம், பொத்துவில் ரோட்டில் திருக்கோவிலுக்கு அப்பால் வெடிச் சத்தம் என்று செய்தி வந்தது. ஆமிக்காரர்கள் ரோட்டைப் பூட்டினார்கள். அக்கரைப்பற்று வரைக்கும்தான் பஸ். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அவர் தினமும் சந்திவரை போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நான் வட்டத்தை அழித்து அழித்து நகர்த்தினேன். லீவு முடிந்து அவர் கொழும்புக்கு வெளிக்கிட்ட காலையில்தான் ரோட்டைத் திறந்தார்கள். அந்தப் பையை நான் நாலைந்து மாதம் பிரிக்கவில்லை.

அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கசட்தான். வாயால் கதைத்துப் பதிந்து, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார். உம்மா வாப்பாவுக்கு ஒரு பக்கம், எனக்கு மறுபக்கம். என் பக்கத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும். "உல்லை அங்கதான் இரிக்கி புள்ள. எங்கயும் போகல்ல."

அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து மார்கழியில் கிடைத்தது. நல்ல மாரி. சபர் இல்லை, நோன்பும் இல்லை. ஆனால் வானம் பிளந்து ஊற்றிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

"லீவு தாற அறபிக்கு நம்மட மழை தெரியுமா? இந்த முறை போவம்."

போனோம். மெழுகுதிரி, நெருப்பெட்டி, காய்ச்சலுக்குப் பனடோல், ஓதித் தந்த தண்ணீர்ப் போத்தல், நனைந்தால் மாற்ற மூன்று சோடி உடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். வழியில் வருகிற கோமாரி ஊருக்கு அப்பால் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. பஸ் ஜன்னலால் அதை அளந்துகொண்டே போனேன்.

அறைக்காரர் பொத்துவில் ஆள், வயதானவர்; மூத்தவர் என்று இவர் அவரைக் காக்கா என்பார். அறைகளையெல்லாம் பூட்டிவிட்டுக் கூரைக் கிடுகு பறக்காமல் கல் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். வெயிலுக்குள் வர வேண்டியவர்கள் மழைக்குள் வந்திருக்கிறீர்களே, தம்பிக்குக் கலண்டர் பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். இவர் என்னைக் கையால் காட்டி, "கலண்டர் பாக்கிற ஆள் இவதான் காக்கா" என்றார். அறைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு அறையைத் திறந்துவிட்டார்.

கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. அவர் கதிரையை விராந்தைக்கு இழுத்துப் போட்டு, இரண்டு கால்களையும் மரக் கம்பி மேல் தூக்கி வைத்தார். ஒரு கால்மணி நேரம் இருந்திருப்பார். எழும்பிப் போய் அறைக்காரருடைய மோட்டார் சைக்கிளைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். என்ன செய்கிறீர்கள் என்றேன். கை சும்மா இருக்குதில்லை என்றார். அன்று பின்னேரம் அந்தச் சைக்கிளை இரண்டு தடவை துடைத்தார்.

மறுநாள் காலையில்தான் அவருக்குச் சும்மா இருக்க வந்தது. தூறலுக்குள் அதே கதிரை, அதே கம்பி. அறைக்காரர் கொண்டுவந்து வைத்த ரொட்டியையும் தொட்டுக்கொள்ள மீன் ஆணத்தையும் காலை இறக்காமலே சாப்பிட்டார். சவூதி வீட்டு எசமாட்டி அவரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வயிறு நோகச் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. என் சிரிப்பு இவ்வளவு சத்தம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"இண்டைக்கித்தான் புள்ள எனக்கு லீவு துவங்கியிரிக்கி" என்றார்.

பத்து மணிபோல் மழை இறுகியது. கோமாரியில் தண்ணீர் ரோட்டுக்கு ஏறுகிறதாம் என்று அறைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அதோடு எனக்கு எல்லாம் போயிற்று. ரோட்டு அறுந்தால்? உம்மாவுக்கு யார் சொல்வது? பிளேனைத் தவறவிட்டால் அறபி வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? பிளேனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அறைக்குள் போய்ப் பையைக் கட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

"பகல் பஸ்ஸில போயிடுவமா மச்சான்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். ஒரு காலை இறக்கினார். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலை இறக்கினார்.

"சரி புள்ள. போவம்."

கோமாரியில் தண்ணீர் கரண்டைக் கால் அளவுக்குத்தான் ஓடியது. ஆடுகள் நடந்து கடந்துகொண்டிருந்தன. அவர் ஜன்னலால் ஆடுகளைப் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் கல்முனையில் பளிச்சென்று வெயில். நான் முற்றத்தில் நனைந்த உடுப்புகளைக் கொடியில் போட்டேன். அவர் வாசல்படியில் நின்று வானத்தைப் பார்த்து, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்.

"உல்லையிலயும் இப்ப வெயில்தான் இரிக்கும்."

அவர் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் ஒரு கசட் வந்தது. என் பக்கத்தைப் போட்டேன். வீட்டுக்காரர்கள் மறுபடியும் கடலுக்கு வந்திருக்கிறார்களாம், இவர் வாகனத்துக்குள்ளிருந்து பதிகிறாராம். "கேளு புள்ள" என்றார். கண்ணாடியை இறக்குகிற சத்தம். அதன்பிறகு அவர் கதைக்கவேயில்லை. நாடா முடியும்வரை அலைதான் வந்து வந்து போனது. கசட் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். உல்லையின் அந்த விராந்தையில், நாங்கள் பகல் பஸ் ஏறியதிலிருந்து மறுநாள் வெயில் வரைக்கும் கடலைப் பார்த்தபடி வெறுமனே கிடந்த கதிரைதான் கண்ணுக்குள் நின்றது.

நாடா நின்றதும் புதுக் கலண்டரை எடுத்தேன். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. சபர் எங்கே விழுகிறது என்று தேடாமல், மழையில்லாத மாதங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வட்டம் போட்டேன். பென்சிலால்தான்.