மீசை இல்லாத முகம்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, பார்சல் ஒன்றை எடுக்க மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காவலாளி, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் விரல்கள் மேலுதட்டுக்குப் போய், அங்கே இல்லாத மீசையை முறுக்கிவிட்டு வந்தன.

“தம்பி, கொஞ்சம் பாரு லா. எட்டு மணிக்குள்ள செல்ஃபி எடுத்து அனுப்பினாத்தான் வேலைக்கு வந்ததா கணக்கு. இது என்னடான்னா, என் மூஞ்சியே இல்லைங்குது.”

கம்பெனியின் வருகைப் பதிவு ஆப்பில் இருந்த அவருடைய பழைய படத்தில் அடர்ந்த முடியும் பெரிய மீசையுமாக வேறு யாரோ இருந்தார்.

“வெளிச்சத்தப் பாத்து நில்லுங்கண்ணே,” என்றேன். நின்றார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். போனைக் கண் உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். படங்கள் அழகாகவே விழுந்தன. அந்தப் பாழாய்ப்போன ஆப் எதையும் ஏற்கவில்லை.

“சூப்பர்வைசருக்கு போன் அடிச்சீங்களா?”

“அடிச்சேன். சிஸ்டம் ஏத்துக்கலன்னா நான் என்னா செய்யன்னுட்டாரு.”

“அப்படி என்னண்ணே வேண்டுதல், இப்பப் போய் மொட்டை?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்த வேல நெலைக்கணும்னுதான் தம்பி.”

மணி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் இல்லாத மீசையை இன்னொரு தடவை முறுக்கிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.