பட்டிப் பொங்கலும் பதின்மூன்றாவது கிருமியும்

வேலந்தாவளத்து மயிலாத்தாளுக்குச் சோற்றின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. கொதித்த சோற்றில் ஒரு கிருமியும் உயிரோடு இருக்காது என்பாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்பது வருடமாக எலி பார்க்கிற வேலை அவளுக்கு. சாக்கடை எலி இல்லை, வெள்ளைச் சுண்டெலி. அவற்றின் குடலில் எண்ணிப் பன்னிரண்டு வகைக் கிருமிகள்தான் இருக்கலாம். எந்த ஊர்க் கூடத்திலும் எலிகளின் வயிறு ஒரே மாதிரி இருந்தால்தான், ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியுமாம். தீனி, தண்ணீர், படுக்கைத்தூள் எல்லாம் ஆவியில் வெந்த பிறகே உள்ளே போகும். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்க்கவில்லை என்று மயிலாத்தாள் நொடித்துக்கொள்வாள்.

தை மாதம் பட்டிப் பொங்கலன்று வீட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொங்கல் ஊட்டிவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. இதுகளும் நம் பட்டிதானே? சூடு ஆறாத பொங்கலில் நாலு பருக்கையைக் கையுறைக்குள் பொத்தி எடுத்துப்போய், குட்டி போட்டிருந்த ஒரு தாயெலிக்கு மட்டும் வைத்தாள். அது இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது.

மூன்று வாரம் கழித்து, எலிப் புழுக்கையைச் சோதித்த ஆராய்ச்சி மாணவி சிவசங்கரி வெளிறிப்போய் வந்தாள்.

"மயிலக்கா, பதிமூணாவதா ஒண்ணு வந்துருக்குதுங்க. எல்லாக் கூண்டுலயும்."

"அதெப்படி அம்மிணி வரும்?"

"சோத்துல இருக்கற கிருமிங்க்கா. கொதிச்சாலும் சாகாது. வெதையாட்ட இறுகிக் கெடந்து பொறகு முளைக்கும்."

"நான் ஒரே கூண்டுலதான அம்மிணி வெச்சேன்?" என்று மயிலாத்தாளின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதே கையுறையோடு அடுத்தடுத்த கூண்டுக்குப் போனது அப்புறம்தான் உறைத்தது.

சிவசங்கரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாலு வருச வேலைங்க்கா," என்றாள்.

"இனி இதுகள என்ன பண்றது?"

"முடிச்சரோணும். எரநூத்திப் பத்தும்."

"குட்டிகளுமா?"

"குட்டிகளுந்தானுங்க்கா."

மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நோய் வந்து சாகவில்லை, அவள் வைத்த பொங்கலால் சாகப்போகின்றன.

எலிகளை விஷவாயுப் பெட்டிக்கு எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான். மறுநாள் காலை அந்தத் தாயெலியின் கூண்டை முதலில் திறந்தாள். பொங்கலுக்கு முன்பெல்லாம் அவள் கையைக் கண்டால் மூலைக்கு ஓடும் எலி, நேரே கையுறையில் ஏறி, விரலிடுக்கில் பருக்கை தேடியது.