பிஜுவை வெளியே எடுத்த ஆட்டம்

மழையில் ஊறிய தோல் பந்துக்கு ஒரு வாடை உண்டு. சேறும் பழைய செருப்பும் கலந்த அந்த வாடையோடுதான் எங்கள் வீடு வருடம் முழுவதும் இருந்தது. கம்பம் ஊரில் உரக்கடை வைத்திருந்த என் அப்பா, கடையை விடவும் தான் பயிற்சி கொடுத்த ஊர்க் கால்பந்துக் குழுவையே தன் தொழிலாக நினைத்தவர் என்பதால், பந்துகளெல்லாம் எங்கள் முன்னறையில்தான் கிடக்கும். தெருவில் எங்களைப் "பந்துக்கார வீடு" என்றே சொல்வார்கள். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அந்தக் குழுவில் இடது ஓரத்தில் ஆடினேன். முன்னால் நின்று கோல் அடிப்பவன் பிஜு.

பிஜு மலைக்கு மேலே கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்காரன். அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஜீப்பில் இறங்கி, அடிவாரத்து லோயர் கேம்பில் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். மலையாளத்தில் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் அப்பாவை "மாஷே" என்று கூப்பிடுவான். உரம் விற்கிற அப்பாவுக்கு அந்த வார்த்தையில் கொஞ்சம் கூச்சமும் நிறையச் சந்தோஷமும் இருந்தன. "வெறும் வயித்தோட ஓடாதய்யா, இட்லி தின்னுட்டுப் போ" என்று அம்மா அவனை உட்கார வைப்பாள். மைதானத்தில் நான் தலையைத் தூக்கிப் பார்க்காமலே பந்தை உள்ளே அடிப்பேன்; அது போய் விழும் இடத்தில் அவன் இருப்பான். பின்னாளில் நானும் பயிற்சியாளராகி இத்தனை வருடம் ஆகியும், என்னிடம் ஆடும் பிள்ளைகளில் எந்த இருவருக்கும் அந்தப் புரிதலை என்னால் உண்டாக்க முடிந்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே அணை விவகாரம் வெடித்தது. எல்லைச் சாலை அடைபட்டது, இரண்டு பக்கமும் கடைகளும் வண்டிகளும் அடிபட்டன, இரண்டு பக்கமும் ஆட்கள் தோட்டம் துரவை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். எங்கள் ஊர்க் கோப்பைப் போட்டியில் நாங்கள் ஆட வேண்டிய இறுதி ஆட்டம் தள்ளிப்போனது. பிறகு சாலையைத் திறந்தார்கள், பஸ் ஓடியது, ஆனால் டீக்கடைப் பேச்சில் சூடு தணியவில்லை. அப்பா கூப்பிட்டனுப்பாமலே, ஆட்டத்துக்கு முந்தின நாள் பிஜு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

அன்று சாயங்காலமே குழுவின் தலைவரான திராட்சை வியாபாரி வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. பிஜுவுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"நாளைக்கு அந்தப் பையன இறக்காதீக. ஆளுக கொதிச்சுப்போய்க் கெடக்காக" என்றார்.

"அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. அதத்தான் சொல்றேன். ஒண்ணும் செய்யாதவன் அடிபடக் கூடாதுல்ல?"

பிஜு சமையலறையில் அம்மாவுக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

மறுநாள் அப்பா அவனை இறக்கினார். முதல் பாதியில் நான் அடித்த பந்தைத் தலையால் முட்டி அவன் கோலாக்கினான். நாங்கள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டோம். அப்போதுதான் மைதானத்தில் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க் கூட்டம், எங்கள் குழு அடித்த கோலுக்கு, வாயைத் திறக்காமல் நின்றது. இடைவேளைக்குப் பிறகு வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கல் வந்தது. அடுத்த கல் பிஜுவின் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அதைச் சட்டையால் துடைத்துக்கொண்டு அவன் மறுபடி பந்தைக் கேட்டான்.

அப்பா கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாஷே, நான் ஆடுறேன்."

"வெளிய வாடா."

"மாஷே, ப்ளீஸ்..."

"ஏலே, வான்னா வா!"

அவன் வெளியே நடந்தான். அவன் கோட்டைத் தாண்டியதும் கூட்டம் கைதட்டியது; விசிலடித்தது. அப்பா அவன் தோளில் கைவைக்கப் போனார். அவன் விலகி நடந்தான். என்னை அவன் இடத்துக்கு நகர்த்தினார்கள். பந்து காலுக்கு வந்தபோதெல்லாம் யாருக்கோ தட்டிவிட்டு நின்றேன். அந்த ஒரு கோலால் நாங்கள் ஜெயித்தோம். கோப்பை வாங்கக் கூப்பிட்டபோது அப்பாவைக் காணவில்லை. பிஜுவைத் தேடிப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடியிருக்கிறார்; பஸ் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு பிஜு வரவில்லை. அப்பாவும் குழுவைத் தேர்ந்தெடுக்க உட்காரவில்லை. கொஞ்ச நாளில் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி அப்பா என்னிடம் பேசியது ஒரே முறைதான், நான் பயிற்சியாளர் வேலைக்குச் சேர்ந்தபோது. "அவனக் காப்பாத்துறதாத்தான் நெனச்சேன்" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

போன வருடம் அப்பா இறந்த பிறகு, செய்தி சொல்ல நான் குமுளிக்குப் போனேன். பிஜு ஜீப் ஓட்டுகிறான். புருவத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. செய்தியைக் கேட்டதும், ஏற வந்த ஆட்களை அடுத்த ஜீப்புக்கு அனுப்பிவிட்டு என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான்.

"மாஷ் மேல எனக்குக் கோபம் இல்ல. கல்லுக்கும் பயப்படல. அவர் என்ன வெளிய எடுக்காம இருந்திருந்தா அடுத்த வாரமும் வந்திருப்பேன்" என்றான். "ஆனா நான் வெளிய போறதுக்கு அத்தன பேர் கை தட்டுனாங்கல்ல? அதக் கேட்டுட்டு எப்படி வர்றது?"

இப்போது தேனியில் நான் பயிற்சி கொடுக்கும் குழுவுக்கு நல்ல பந்துகள் இருக்கின்றன, நனைந்தாலும் வாடை வருவதில்லை. கம்பத்து மைதானத்தில் பாதியை வண்டிகள் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பழைய குழுவின் பெயரே இளைஞர்களுக்குத் தெரியாது. மலைக்கு மேலேயிருந்து ஆட வருகிறவர்கள் என்று இப்போது யாரும் இல்லை. குமுளியில் நன்றாக ஆடுகிற பையன்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கூப்பிட்டால் வரக்கூடும். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கிற கூட்டத்துக்கு நான் என்ன பொறுப்பேற்க முடியும் என்று தெரியாததால், இன்றுவரை யாரையும் கூப்பிடவில்லை.