மிலிட்டரி மேடம் மன்னிப்புக் கேட்ட நாள்

ரத்த வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த அந்த அம்மாளுக்கு நேரில் ‘மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ‘மிலிட்டரி’. பத்தொன்பது வருடங்களில் ஒரு ரத்தப் பைகூட ஆள் மாறிப் போனதில்லை. தான் போடும் சத்தம்தான் அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்பினார்.

அந்தத் திங்கட்கிழமை, பைகளில் கையால் எழுதும் முறை போய் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் இயந்திரம் வந்தது. காலையிலிருந்தே மேடம் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது தப்பு நடந்தால் அவர் தலைதான் உருளும். பத்து மணிக்கு மூத்த டெக்னீஷியன் ஒரு ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட, எல்லோர் முன்னாலும் வெடித்தார்.

“இதுகூட வரலைன்னா வீட்டுக்குப் போயிடுங்கண்ணே!”

பேரன் பேத்தி எடுத்த மனிதர். முகம் சுண்டிப்போனது. அதன்பின் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு இரண்டு நோயாளிகளுக்கான இரண்டு பைகள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயின. டெக்னீஷியன் மேசையை விட்டு நகரவில்லை. அடுத்த பையை எடுக்காமல் பதிவேட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேடத்துக்கு மறுபடி கோபம் நாக்கு நுனிவரை வந்தது. சட்டென்று, போன வாரப் பயிற்சியில் நரம்பியல் டாக்டர் சொன்னது உறைத்தது. பயம் மூளையைப் பிடித்துக்கொண்டால் யோசிக்கிற பகுதி தடுமாறும். தெரிந்ததுகூட வாய்க்கு வராது. அன்று கொட்டாவியோடு கேட்டது. இந்த அறையில் அந்தப் பயமே தான்தான் என்று இப்போது புரிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, காலையில கத்தினது என் தப்பு. இந்த மிஷினைப் பார்த்தா எனக்கே பயம். அதை உங்க தலையில இறக்கிட்டேன். மன்னிச்சுடுங்க. என்னன்னாலும் சொல்லுங்க.”

டெக்னீஷியன் பதிவேட்டைத் தள்ளிவைத்தார். “ரெண்டு பைக்கும் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேனோன்னு சந்தேகம், மேடம். அப்பவே தோணுச்சு. சொல்ல வாய் வரலை.”

மேடம் போனுக்குப் பாய்ந்தார். தியேட்டரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது மணிக்கு நர்ஸ் எடுத்தார்.

“ரத்தம் ஏத்தாதீங்க! ரெண்டு பையையும் நிறுத்துங்க!”

“ஒண்ணை மாட்டியாச்சு மேடம்... இன்னும் திறந்துவிடலை.”

“திறக்காதீங்க, இப்பவே ஆள் அனுப்பறேன்” என்றார் மேடம்.

திரும்பி வந்த பைகளில் ஸ்டிக்கர்கள் மாறித்தான் இருந்தன. டெக்னீஷியனின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதச் சொன்னது நிர்வாகம். “நான் மிரட்டியதால் தவறை உடனே சொல்ல முடியவில்லை” என்பதையும் சேர்த்து எழுதினார் மேடம். அவருக்கும் ஒரு மெமோ வந்தது.

அதன்பிறகும் மேடத்தின் சத்தம் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் “மேடம், ஒரு சந்தேகம்” என்று நாள் முழுக்க யாராவது வந்து நின்றார்கள். தலைவலி தாங்கவில்லை என்று கணவரிடம் அலுத்துக்கொள்வார். மறுநாளும் உட்கார்ந்து கேட்பார்.