சோதனைக்குப் போகிற வழி மட்டும்

நெவில் ஹெப்டன் ஒரு கார் கட்டினார். வாங்கவில்லை, கட்டினார். காரின் இரும்புச் சட்டம் ஒரு லாரியில் வந்தது, உடம்பு இன்னொரு லாரியில் வந்தது, எஞ்சினைப் பழைய கார்களை உடைத்துப் போடும் இடத்திலிருந்து அவரே பிடுங்கிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் மேட்லாக் பக்கத்தில் இந்தக் கிறுக்குப் பிடித்த மனுஷர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வீட்டு கராஜுக்குள் கார் நிற்காது, காரின் துண்டுகள்தான் கிடக்கும். நிற்கவேண்டிய கார் வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

நெவில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். கட்டடங்களின் வயிற்றுக்குள் இருட்டில் கயிற்றில் தொங்கிக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டியவர். அதனால்தானோ என்னவோ, கூரை இல்லாத காராகப் பார்த்துப் பிடித்தார். கதவும் கிடையாது. இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் பின்புறம் ரோட்டை உரசுகிற உயரம்.

கட்டி முடிக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று. அந்தப் பதினொரு வருஷத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டவள் அவர் மனைவி கிளெனிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், தட்டு கழுவும் மெஷினுக்குள் கார்புரேட்டர் வெந்துகொண்டிருக்கும்.

"ஏன் நெவில், நாளைக்கு இதுலதானே நீ சூப் குடிக்கணும்?"

"கழுவத்தானே போட்டேன் கிளெனிஸ். தட்டும் கழுவுது, இதுவும் கழுவுது. மெஷினுக்குத் தெரியுமா எது எதுன்னு?"

"எனக்குத் தெரியுதே! எடு அதை வெளில, இல்ல உன்னையும் சேர்த்து உள்ள தள்ளி மூடிடுவேன்."

அப்படிச் சிரித்துக்கொண்டு போன வீடுதான். போன வசந்தத்தில் கண் மருத்துவமனைக்குப் போய் வந்த நாளோடு அது போயிற்று.

அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்கவேண்டும். ஓரங்களில் சின்னச் சின்னப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். நெவிலுக்கு வலது பக்கம் வந்தது தெரிந்தது. இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை. வராதா, வராமல் இருக்குமா என்று பதறிப்போய், வந்திருக்கும் என்று ஒரு தாளக் கணக்கில் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் இளம் பெண். படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க, மிஸ்டர் ஹெப்டன். மெஷின் அதையும் எண்ணும்."

நெவில் படத்தைப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கு. இடது கண் அநேகமா போயிடுச்சு. வலதும் ஓரத்துலேர்ந்து போய்ட்டிருக்கு. போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா நீங்க இனிமே வண்டி ஓட்டக்கூடாது. லைசென்ஸ் ஆபீசுக்கு நீங்களே சொல்லிடணும். சொல்வீங்கல்ல?"

"சொல்லிடறேன்" என்றார். சொல்லவில்லை. லைசென்ஸ் ஆபீசுக்கும் சொல்லவில்லை, கட்டின மனைவிக்கும் சொல்லவில்லை. சொட்டு மருந்தைக் கூட கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டார். மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. தன் கையால் கட்டின காரைத் தன் கையால் ஒரே ஒரு தடவை ரோட்டில் ஓட்டவேண்டும். அப்புறம் லைசென்ஸைக் கொடுத்துவிடலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதிலும் ஒரு சிக்கல். வீட்டில் கட்டின காரை நினைத்தபோது ரோட்டில் இறக்க முடியாது. அரசாங்கச் சோதனையில் தேறவேண்டும், அதற்கு மேல்தான் நம்பர். நம்பர் இல்லாமல் ஓட்ட ஒரே ஒரு விதிவிலக்கு: முன்பதிவு செய்த சோதனைக்குப் போகிற வழி மட்டும்.

அன்றிலிருந்து நெவில் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார். டீ ஆறிப்போய்க் கிடக்கும். சாண்ட்விச் தட்டோடு காய்ந்து கிடக்கும். கராஜின் இடது சுவரோரம் ஒரு ஃப்ரீசர் நிற்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்காருவார். அந்த ஃப்ரீசர் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார். ஈஸ்டருக்குக் கைப்பிடி தெரிந்தது. கோடையில் கைப்பிடி போயிற்று. அப்புறம் கதவில் பாதி போயிற்று. அந்த இடம் இருட்டாக இருந்தாலாவது பரவாயில்லை. இருட்டு இல்லை, மறைப்பு இல்லை, சுவர் அப்படியே தொடர்கிற மாதிரி இருக்கும். ஃப்ரீசர் மட்டும் அங்கே இருக்காது. இதுதான் அவரை நடுங்க வைத்தது.

இலையுதிர் காலத்தில் முதல் சோதனை. கார் மன்றத்து நண்பர் டெஸ் அதே வகையில் மூன்று கார் கட்டியவர், வாயும் மூன்று பேருக்கு உண்டு. ட்ரெய்லரில் ஏற்றித்தான் போகவேண்டும் என்று ஒரே பிடி.

"நடு ரோட்டுல நின்னு போச்சுன்னா மானம் போயிடும்யா. தேறட்டும். அப்புறம் உன் இஷ்டத்துக்கு ஊரைச் சுத்து, யாரு கேக்கப் போறா."

ட்ரெய்லரிலேயே போனார்கள். சோதனை அதிகாரி தலை அளவு உருண்டை ஒன்றை வைத்து, காருக்குள் டாஷ்போர்டெல்லாம் உருட்டினார். உருண்டை தொடுகிற எந்த நட்டும் கூர்மையாக இருக்கக்கூடாது. மோதினால் மண்டையைக் கிழிக்கும். அதற்காக எல்லாரும் பை பையாக பிளாஸ்டிக் தொப்பி வாங்கி நட்டுகளுக்கு மாட்டுவார்கள். நெவிலும் மாட்டியிருந்தார். வலது பக்கம் ஒன்று விடாமல் மாட்டியிருந்தார். இடது ஓரத்தில் வரிசையாக மூன்று நட்டு மொட்டையாக நின்றது.

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார். தேறவில்லை.

திரும்பி வருகையில் டெஸ் அதை விடவில்லை. "என்னய்யா நெவில், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தா இருக்கு, பளபளன்னு மூணு நட்டு! கண்ணை எங்க வச்சிருந்தே?"

"மறந்துட்டேன்யா."

"நீயா? லிஃப்ட்ல ஒரு போல்ட் விட்டிருந்தா எத்தனை பேரு செத்திருப்பான்!" என்று டெஸ் சிரித்தார். நெவில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நட்டுகள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

மறுசோதனைக்குத் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் அவர் படாத பாடு பட்டார். கண்ணை நம்பாமல் விரல் நுனியால் காரை அங்குலம் அங்குலமாகத் தடவினார். காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தபோது, "கண்ணுல ஏதாவது கோளாறு உண்டா சார்?" என்று ஒரு பையன் சாதாரணமாகக் கேட்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றார். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். சொல்லியும் ஆயிற்று. இனி திரும்ப முடியாது என்று தோன்றியது.

தேதி வந்ததும் டெஸ்ஸிடம் ட்ரெய்லர் வேண்டாம் என்றார்.

"ஓட்டிட்டே போறேன். சோதனைக்குப் போற வழிதானே, சட்டத்துல இடம் இருக்கு."

"மூர் பொட்டல் மேட்டு மேல நவம்பர் குளிர்ல, கூரை இல்லாம? உனக்கு மூளை கலங்கிடுச்சாய்யா?"

"ஓட்டித்தான் போறேன்."

கிளெனிஸ் தானும் வருகிறேன் என்றாள். அவள் வருவாள் என்று நெவில் எதிர்பார்க்கவில்லை. பதினொரு வருஷம் திட்டினவள், கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் பிளாஸ்கோடு வந்து இடது சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என் மெஷின்ல கழுவின கார்ப்பா. எனக்கும் பங்கு உண்டு."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சாவியைத் திருப்பினார்.

கார் ஓடியது. அடேயப்பா, என்ன ஓட்டம்! ஊரைத் தாண்டி மேடேறும்போது எஞ்சின் சத்தம் முதுகெலும்பில் ஏறியது. காற்றில் கண்ணீர் காது வரை ஓடியது. கிளெனிஸ் என்னவோ கத்தினாள்; ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவள் சிரிப்பது தெரிந்தது. நெவிலும் சிரித்தார். வசந்தத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஒவ்வொரு வளைவிலும் கார் அவர் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு போல்ட்டும் அவர் முறுக்கினது. இதற்காக எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அந்த நிமிஷம் அவருக்கு நிஜமாகவே தோன்றியது.

மேலே கல்வேலிகளுக்கு நடுவே ரோடு நேராகப் போனது. காலியான ரோடு. அவர் காலை அழுத்தினார்.

"நெவில்!"

அந்த அலறல் காற்றையும் எஞ்சினையும் தாண்டிக் கேட்டது. எதற்கென்று தெரியாமலே ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். எதிர்ச்சாரிக்குப் போய்விட்டுத் திரும்பினார். நல்ல காலம், எதிரே வண்டி இல்லை. கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் நிறுத்த இடம் வந்தது, நிறுத்தினார். எஞ்சினை அணைத்ததும் காற்று சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

கிளெனிஸ் தன் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள்ல ஒரு பொம்பளை. கையை நீட்டினா தொடலாம் போல இருந்துச்சு. நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன கலர் சட்டை?"

நெவில் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"மஞ்சள் நெவில். கண்ணைக் குத்தற மஞ்சள். அரை மைல் தூரத்துலேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது. நீ ஒதுங்குவே ஒதுங்குவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். டீயை மேஜைக்கு வெளியில வச்சப்பவே கேட்டிருக்கணும். கதவுல இடிச்சுக்கிட்டப்பவே கேட்டிருக்கணும். எவ்வளவு நாளா?"

"கிளெனிஸ், இன்னும் கொஞ்ச தூரம்தான். நீ பக்கத்துல இருந்து சொல்லு, நான் மெதுவா ஓட்டறேன். இன்னிக்கு மட்டும். உன் காலைப் பிடிச்சுக்கறேன். இன்னிக்கு மட்டும்."

அவள் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. மஞ்சள் சட்டைக்காரி மேடேறி, மூச்சு வாங்க, கார் பக்கத்தில் வந்து காலை ஊன்றி நின்றாள். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் குளிரில் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தது. ரோட்டோரம் இந்த மாதிரிக் கார் நின்றால் யாராவது வந்து பேசாமல் போகமாட்டார்கள்.

"ரொம்ப நன்றிங்க! இந்த ரோட்டுல எல்லாரும் கையை உரசிட்டுத்தான் போவாங்க. எனக்கு இவ்வளவு ஒதுங்கி இடம் விட்டது நீங்க ஒருத்தர்தான். என்ன அழகான வண்டி! நீங்களே கட்டினதா?"

நெவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளெனிஸ் அவரையே பார்த்தாள்.

"பேசமாட்டேங்கறாரே! எத்தனை வருஷமாச்சு கட்ட?" என்றாள் அந்தப் பெண் கிளெனிஸிடம்.

"அம்மா, நான் உங்களைப் பார்க்கல" என்றார் நெவில்.

அவள் சிரித்தாள். "என்ன?"

"நான் ஒதுங்கல. என் மனைவி கத்தினா. இல்லேன்னா உங்களை அடிச்சிருப்பேன். எனக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது. டாக்டர் வசந்தத்துலயே சொல்லிட்டாங்க. ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான்தான்..."

அந்தப் பெண் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் கிளெனிஸ் பிடித்துக்கொண்டிருந்த முழங்கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நெவில் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் சைக்கிளிலிருந்து இறங்கி, ரோட்டைவிட்டுப் புல் மேல் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெகு தூரம் போகிற வரை ஏறவே இல்லை.

கிளெனிஸ் கையை நீட்டினாள். நெவில் சாவியைக் கழற்றி அதில் வைத்தார். வைத்த பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். குழந்தை மாதிரி, சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதார். அவள் தடுக்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் கடைசியில்.

"சொன்னா நிறுத்தியிருப்பே."

"ஆமா, நிறுத்தியிருப்பேன்."

அவள் டெஸ்ஸுக்குப் போன் செய்து ட்ரெய்லரைக் கொண்டுவரச் சொன்னாள். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி அவர் வலது கையில் கொடுத்தாள். சோதனைக்குக் குறித்த நேரம் வந்தது, போயிற்று.

டெஸ் வந்ததும் ட்ரெய்லரை இழுத்து வந்த வண்டியிலிருந்து குதித்தார். பெரிய டூல் பெட்டியோடு நேரே காரிடம் வந்து, "சொன்னேனா இல்லையா! எது போச்சு? பம்ப்பா? கிளட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டே எஞ்சின் மூடியைத் திறக்கப் போனார்.

"திறக்காதே டெஸ்" என்றார் நெவில். "கார் நல்லாத்தான் இருக்கு."